யாரும் வாசிக்காத மெட்டு

1963ஆம் ஆண்டுக் கோடையில் ரான் கிரெய்னர் ஒற்றைத் தாளில் ஒரு மெட்டு எழுதினார். அடியில் குதிரை ஓட்டமாய்த் திரும்பத் திரும்ப வரும் ஒரு தாளக்கட்டு, அதன் மேல் வளைந்து ஏறி இறங்கும் சில சுரங்கள். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று குறிக்க வேண்டிய இடத்தில் காற்று, குமிழி, மேகம், சறுக்கல் என்பது போலக் கிறுக்கி வைத்திருந்தார். தாளை பிபிசியில் கொடுத்துவிட்டு விடுமுறைக்குப் போர்ச்சுகல் கிளம்பிவிட்டார்.

அனுபவப்பட்ட வாத்தியக்காரர் யாரிடமாவது அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்திருப்பார். மேகத்தை எந்தக் கட்டையில் வாசிப்பது? நல்லவேளையாக அது எந்த வாத்தியக்காரர் கைக்கும் போகவில்லை. போயிருந்தால், இரண்டு மாதம் ஓடி மறந்துபோகும் சராசரி டெலிவிஷன் முகப்பு இசைகளில் ஒன்றாக அதுவும் முடிந்திருக்கும்.

'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பு இசை பிறந்த கதை இது. அது பிறந்த இடம் லண்டனில் மைடா வேல் பகுதியின் டெலாவேர் சாலையில் இருந்த பிபிசி ஸ்டூடியோ. 2008 ஜூலையில் ஒரு முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் பெரிய பாடகர் குழுவும் சேர்ந்து அதை அரங்கேற்றிய இடம் ராயல் ஆல்பர்ட் ஹால். ஹைட் பார்க் பக்கமாக நடந்து போனால் இரண்டுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர்கூடத் தேறாது. அந்தத் தூரத்தைக் கடக்க அந்த மெட்டுக்கு 45 ஆண்டுகள் பிடித்தன.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெயர் சொல்லாத ஒரு வேற்றுலகவாசி. எல்லாரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். அன்று லண்டன் தெருமுனையில் நின்ற நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டி போலிருக்கும் டார்டிஸ் என்ற வாகனத்தில் ஏறி, காலத்திலும் வெளியிலும் சுற்றுகிறார். வெளியே பார்க்கச் சின்னப் பெட்டி, உள்ளே பெரிய மாளிகை. சனிக்கிழமை மாலையில் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்க ஒரு தொடர் வேண்டும் என்று பிபிசி நாடகப் பிரிவின் தலைவர், கனடாக்காரரான சிட்னி நியூமன் திட்டமிட்டார். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், இருபதுகளில் இருந்த பெண். முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசேன், நம் லக்னோவில் பிறந்தவர். அன்றைய பிபிசியின் கோட்டும் சூட்டும் போட்ட பெரியவர்களுக்கு நடுவே ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதே தனிக் கட்டுரைக்கு ஆகும்.

முகப்பு இசைக்கு லாம்பர்ட் முதலில் நினைத்தது பிரான்ஸில் கண்ணாடித் தண்டுகளைத் தடவி இசை எழுப்பும் ஒரு குழுவை. அது கைகூடவில்லை. அடுத்து அவர் போனது மைடா வேலுக்கு, ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற துறைக்கு.

அந்தக் கட்டடம் முதலில் சக்கரச் சறுக்கு விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட அரங்கம். முப்பதுகளில் பிபிசி அதை வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியது. அங்கே இருந்த பெரிய ஸ்டூடியோதான் அன்று பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் வீடு. அதே கட்டடத்தின் நீண்ட நடைகூடத்தை ஒட்டிய சில அறைகளில் 1958இல் டாஃப்னி ஓரம், டெஸ்மண்ட் பிரிஸ்கோ இருவரும் தொடங்கியதுதான் இந்த ஒர்க்‌ஷாப். வானொலி நாடகங்களுக்கு விநோத ஒலிகள் செய்து கொடுப்பது வேலை. பழைய டேப் ரெக்கார்டர்களும் பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்கப் பயன்படுத்திய ஆஸிலேட்டர்களும்தான் சொத்து. அங்கே செய்வதை இசை என்று சொல்லவும் பிபிசி தயங்கியது. 'சிறப்பு ஒலி' என்றுதான் திரையில் போடுவார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் உலகத் தரமான ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு கதவுக்குப் பின்னால் பழைய சாமான்களை வைத்துக்கொண்டு சிலர் யாரும் கேட்டிராத சத்தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிரெய்னரின் தாள் டெலியா டெர்பிஷைர் என்ற 26 வயதுப் பெண்ணின் மேசைக்கு வந்தது.

டெலியா 1937இல் கவன்ட்ரியில் பிறந்தவர். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியபோது மூன்று வயது. குண்டுவீச்சுச் சங்கொலிதான் தனக்குள் அருவமான ஒலிகள்மேல் பிரியத்தை ஊன்றியது என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். உறவினர் இருந்த பிரெஸ்டன் நகரில், விடியற்காலையில் ஆலைக்குப் போகும் தொழிலாளரின் மரச்செருப்புகள் கல்பாவிய தெருவில் எழுப்பும் சத்தமும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1960இல் பிபிசியில் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்தார். 1962இல் தானே கேட்டு ஒர்க்‌ஷாப்புக்கு மாறினார். அங்கே யாரும் விரும்பிப் போக மாட்டார்கள், அனுப்பினால்தான் போவார்கள் என்பதால் மேலதிகாரிகளுக்கு ஆச்சரியம்.

இனி அவர் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஒரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யாரும் அரை மணியில் செய்யக்கூடிய காரியம் அது. அன்றைக்குப் பல நாள் இழுத்தது. சின்தசைஸர் என்ற கருவி கடைக்கு வராத காலம். பல தடங்களில் தனித்தனியே பதிந்து கலக்கும் வசதியும் ஒர்க்‌ஷாப்பில் கிடையாது. இருந்தது காந்த ஒலிநாடா, பிளேடு, ஒட்டும் டேப், சாக்பென்சில், ஓர் அளவுகோல்.

முதலில் அடிநாதம். இழுத்துக் கட்டிய ஒரே ஒரு தந்தியை ஒருமுறை மீட்டினார். அந்த ஒற்றை ஒலியை நாடாவில் பதிந்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். அப்படி ஒரே மீட்டலிலிருந்து வேண்டிய சுரங்களையெல்லாம் எடுத்துத் தனித்தனித் துண்டுகளாக வைத்துக்கொண்டார். அன்றைய ஸ்டூடியோக்களில் வழக்கமான வேகம் நொடிக்கு 15 அங்குலம். ஆக, அரை நொடி ஒலிக்க வேண்டிய சுரம் ஏழரை அங்குல நாடா. கால் நொடி என்றால் அதில் பாதி. கணிதம் படித்த பெண்ணுக்குத் தாளம் அங்குலக் கணக்காக மாறிவிட்டது. அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி, சரம் தொடுப்பது போல அடிநாதம் முழுவதையும் தொடுத்தார். நாம் இன்று கேட்கும் அந்த 'டடடம், டடடம்' துடிப்பில் ஒவ்வொரு 'ட'வும் தனித்தனியாக வெட்டி ஒட்டப்பட்ட துண்டு. கூர்ந்து கேட்டால் அழுத்தமான சுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன உரசல் கேட்கும். அதுவும் தனியாகச் செய்து ஒட்டியதே.

மேல் மெட்டுக்கு ஆஸிலேட்டர்கள். பொறியாளர்களின் மேசையில் 'பீப்' என்று ஒலிக்கும் அதே பெட்டிகள். அதன் திருகைக் கையால் திருப்பித் திருப்பி ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போக வைத்தார். நம் சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, ஏறத்தாழ அது. பல்லாண்டுகளாகப் பலரும் இந்த ஒலியைத் தெரமின் என்ற வாத்தியம் என்று எழுதிவந்தார்கள், இன்னும் எழுதுகிறார்கள். தெரமின் அந்தப் பதிவில் கிடையவே கிடையாது. காற்று, மேகம் என்று கிரெய்னர் கேட்டவற்றுக்கு, ட்யூன் ஆகாத ரேடியோவில் வருவது போன்ற இரைச்சலை வடிகட்டிப் பயன்படுத்தினார்.

பிறகு கலக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரு தனிச் சுருள். இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்து ஓட்ட வழியில்லை. ஆளுக்கு ஒரு இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். ஏதாவது ஒன்று பின்தங்கினால் நிறுத்தி, சுற்றி, மறுபடி. உதவிக்கு இருந்தவர் டிக் மில்ஸ் என்ற பொறியாளர். ஒருவழியாக எல்லாம் சேர்ந்து ஓடியபோது எங்கோ ஓர் இடத்தில் ஒரு சுரம் தடுக்கியது. எந்தச் சுருளில், எந்த ஒட்டில் என்று தெரியவில்லை. சுருள்களையெல்லாம் பிரித்து அந்த நீண்ட நடைகூடத்தில் பக்கம் பக்கமாக விரித்துப்போட்டு, ஒட்டுகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் ஒரு ஒட்டு வரிசை தப்பியிருந்தது. அதைச் சரிசெய்தார்கள். மில்ஸ் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. இசையில் பிசகு என்றால் காதால் தேடுவார்கள். இவர்கள் கண்ணால் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேலை முழுவதிலும் யாரும் எதையும் 'வாசிக்கவில்லை' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தந்தி ஒருமுறை மீட்டப்பட்டது, அவ்வளவே. மூச்சு இல்லை, வில் இல்லை, விரல் சறுக்கல் இல்லை. மனிதக் கை ஒவ்வொரு அங்குலத்திலும் இருக்கிறது. ஆனால் கேட்கும்போது அதன் சுவடே தெரிவதில்லை. அந்த இசை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்குப் புலப்படாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குழந்தைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்ததற்குத் தொடரின் வில்லன்களான டாலெக்குகள் மட்டும் பொறுப்பல்ல.

போர்ச்சுகலிலிருந்து திரும்பிய கிரெய்னர் அதைக் கேட்டார். இதை நானா எழுதினேன் என்று அவர் வியந்து கேட்டதாகவும், பெரும்பகுதி நீங்கள்தான் என்று டெலியா பதில் சொன்னதாகவும் சொல்வார்கள். கிரெய்னர் பெரிய மனசுக்காரர். டெலியாவின் பெயரையும் இசையமைப்பாளராகச் சேர்க்க வேண்டும், உரிமைத்தொகையில் பங்கு தர வேண்டும் என்று முயன்றார். ஒர்க்‌ஷாப் ஊழியர்கள் சம்பளக்காரர்கள், தனிப்பெயர் போடுவதில்லை என்பது பிபிசியின் விதி. இசை ரான் கிரெய்னர், உடன் பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்று திரையில் போட்டார்கள். உரிமைத்தொகை கிரெய்னருக்குப் போனது. டெலியாவுக்கு மாதச் சம்பளம். 1964இல் அந்த மெட்டு இசைத்தட்டாக வெளிவந்தது. வெளியிட்ட நிறுவனம் டெக்கா! ஐந்து வருடத்துக்கு முன் அவருக்குக் கதவைச் சாத்திய அதே டெக்கா.

முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. முந்தின நாள்தான் கென்னடி சுடப்பட்டார். நாடே செய்தியில் மூழ்கியிருந்ததால் பலர் பார்க்கவில்லை; அடுத்த வாரம் முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டுவிட்டே இரண்டாவதைப் போட்டார்கள். திரையில் மேகக்கூட்டம் போல ஏதோ பொங்கிப் பொங்கி வந்தது. கேமராவை அதன் மானிட்டரையே பார்க்கும்படி திருப்பிவைத்து உண்டாக்கிய உருவங்கள் அவை. காதுக்கு யாரும் வாசிக்காத இசை, கண்ணுக்கு யாரும் வரையாத படம்.

அடுத்த நாற்பது ஆண்டுகளை வேகமாகவே தாண்டலாம். அறுபதுகளில் அங்கங்கே சில மெருகு சேர்ந்தது. 1972இல் தொடருக்குப் பத்தாண்டு நெருங்கியபோது, அறையை அடைக்கும் ஒரு பெரிய சின்தசைஸரில் டெலியாவும் சகாக்களும் புதிதாக ஒன்று செய்தார்கள். ரப்பர் பட்டையைச் சுண்டுவது போலிருக்கும்; பிபிசிக்குப் பிடிக்கவில்லை, பழையதற்கே திரும்பிவிட்டார்கள். அதற்குள் அந்த இசையோடு கூடிய சில பிரதிகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. 1980இல் பீட்டர் ஹவல் சின்தசைஸரில் பளபளவென்று ஒன்று செய்தார். அதில் வளர்ந்தவர்களுக்கு அதுதான் உசத்தி. அடுத்தும் ஒன்றிரண்டு வந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1988இல் கேஎல்எஃப் குழுவினர் இந்த மெட்டை வைத்து ஒரு கூத்துப்பாட்டு செய்து பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தார்கள். 1989இல் தொடர் நின்றது. 1996இல் அமெரிக்காவோடு சேர்ந்து எடுத்த ஒரு டெலிவிஷன் படத்துக்காக ஜான் டெப்னி ஆர்கெஸ்ட்ரா பாணியில் அதைச் செய்தார். படம் தொடராகவில்லை, அந்த இசையும் அதோடு போயிற்று. 1998இல் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பையே மூடிவிட்டார்கள்.

டெலியா 1973லேயே பிபிசியை விட்டு விலகியிருந்தார். வடக்கே கம்பிரியா பக்கம் எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலையில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தார், வேறு சில வேலைகள் பார்த்தார், இசையிலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார். தொண்ணூறுகளில் மின்னணு இசைக்கார இளைஞர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். மறுபடி ஏதோ செய்யலாம் என்று அவர் தயாரானபோது, 2001 ஜூலையில் இறந்துவிட்டார். வயது 64.

2005இல் தொடர் மறுபிறவி எடுத்தது. இசைக்கு மரி கோல்ட். அவர் செய்த முதல் நல்ல காரியம், டெலியாவின் பழைய பதிவைத் தூக்கிப் போடாதது. அதிலிருந்தே எடுத்த ஒலிகளை நடுவில் வைத்து, கீழே வயலின்கள் விரட்டிக்கொண்டு ஓட, மேலே பித்தளை வாத்தியங்கள் முழங்க, புதிய கட்டடத்தைச் சுற்றி எழுப்பினார். முதல் பருவத்தில் நிஜ ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணமில்லை. கம்ப்யூட்டரில் சேமித்த வாத்திய ஒலிகளை வைத்தே ஒப்பேற்றினார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தில்தான் பிபிசி நேஷனல் ஆர்கெஸ்ட்ரா ஆஃப் வேல்ஸ் உள்ளே வந்தது. கோல்டின் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிக் கொடுத்தவரும் குழுவை நடத்தியவரும் பென் ஃபாஸ்டர்.

நிஜ ஆர்கெஸ்ட்ரா வந்துவிட்டது என்றால் அதை மேடையேற்றும் ஆசையும் வரத்தானே செய்யும். 2006 நவம்பரில் கார்டிஃப் நகரில், குழந்தைகளுக்கான நிதி திரட்டும் கச்சேரியாக முதல்முறை நடந்தது. டாக்டராக நடித்துக்கொண்டிருந்த டேவிட் டென்னன்ட்டே தொகுத்து வழங்கினார். அது சொந்த ஊர்க் கச்சேரி. தொடர் தயாராவதே கார்டிஃபில்தான். பெரிய சோதனை இரண்டு வருடம் கழித்து லண்டனில், பிராம்ஸ் என்ற கோடைக்கால இசை விழாவில் காத்திருந்தது.

பிராம்ஸ் என்பது லண்டன்காரர்களுக்கு நம் மார்கழி சீசன் மாதிரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. 1895இல் ராபர்ட் நியூமனும் ஹென்றி உட்டும் அதைத் தொடங்கியதே, கச்சேரிக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்களை மலிவு டிக்கெட்டில் உள்ளே இழுக்கத்தான். நின்றுகொண்டு கேட்கலாம், ஆரம்ப நாட்களில் சாப்பிடலாம், புகைக்கக்கூடச் செய்யலாம். ஜனரஞ்சகமாக ஆரம்பித்து மெல்ல மெல்ல உயர்ந்த இசைக்குப் பழக்குவது திட்டம். 1927இல் பிபிசி பொறுப்பேற்றது. பழைய அரங்கம் 1941இல் குண்டுவீச்சில் அழிய, ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் பெயர்ந்தது. இன்றைக்கும் நடுவில் உள்ள தரையில் நின்று கேட்கும் மலிவு டிக்கெட் உண்டு.

இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு 2008 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமைக் காலை பதினொரு மணிக்கு நடந்தது அதிர்ச்சி தந்திருக்காது. பீத்தோவனும் மாலரும் ஒலிக்கும் இடத்தில் டாலெக்கா என்று முகம் சுளித்தவர்களும் இல்லாமலில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் அவர்கள் வாய் அடைத்திருக்கும். கோல்டின் தொடர் இசைக்கு நடுநடுவே கோப்லாண்ட், ஹோல்ஸ்டின் ஜூபிடர், புரோகோஃபியெவ், வாக்னர், போதாக்குறைக்கு விண்கல் மோதும் அபாயத்தை அளக்கும் டொரினோ அளவுகோலின் பெயரில் நம் காலத்து இசையமைப்பாளர் மார்க் ஆந்தனி டர்னேஜ் எழுதிய படைப்பு. டாக்டர் ஹூ என்று டிக்கெட் வாங்கி வந்த எட்டு வயதுக் குழந்தை இத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிற்று. ஹென்றி உட் உயிரோடிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

வாசித்தது பிபிசி ஃபில்ஹார்மோனிக். லண்டன் ஃபில்ஹார்மோனிக் பாடகர் குழு பின்னால் நின்றது. பென் ஃபாஸ்டரும் ஸ்டீபன் பெல்லும் மாறி மாறி நடத்தினார்கள். தொடரில் வரும் சைபர்மேன்களும் காண்டாமிருகத் தலை கொண்ட ஜுடூன்களும் கூட்டத்துக்குள் நடைபோட்டார்கள். பிள்ளைகள் அலறவும் செய்தார்கள், எழுந்து பக்கத்தில் போகவும் செய்தார்கள். திரையில் டென்னன்ட் தோன்றும் ஒரு குட்டி நாடகத்தை இதற்கென்றே எழுதியிருந்தார் தொடரின் அன்றைய தலைமை எழுத்தாளர் ரஸல் டி டேவிஸ்: டாக்டர் டார்டிஸுக்குள் உட்கார்ந்து ஒரு இசை எழுதுகிறார், வெளியைக் கிழித்து ஆல்பர்ட் ஹாலுக்குள் ஒரு வாசல் திறக்கிறது, அவர் எழுதியதை ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. அந்த மண்டபத்தின் கூரையைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பொருத்தமாகவே பட்டிருக்கும். 1871இல் திறந்த நாளிலிருந்தே அங்கே எதிரொலித் தொல்லை. 1969இல் அதைத் தணிக்க வட்ட வட்டமான கண்ணாடியிழைத் தட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். செல்லமாகக் காளான் என்பார்கள். எனக்குப் பறக்கும் தட்டுக் கூட்டமாகத்தான் தெரிகிறது.

இனி நம் மெட்டுக்கு வருவோம். கச்சேரியின் கடைசியில் அது வரும். பிளேடாலும் திருகாலும் செய்த ஒன்றை வில்லும் மூச்சும் கொண்டு வாசிப்பது லேசான காரியமில்லை. அடிநாதம் செல்லோ, டபுள் பேஸ் ஆட்கள் தலையில் விழுகிறது. அந்தக் குதிரை ஓட்டத்தைச் சோர்வில்லாமல் நிமிடக்கணக்கில் இழுக்க வேண்டும்; நாடாவுக்குக் கை வலிக்காது, இவர்களுக்கு வலிக்கும். மேல் மெட்டின் வழுக்கல் வயலினில் வரும், டிராம்போனில் வரும், டிரம்பெட்டிலும் ஹார்னிலும் அப்படி வழுக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற முடியும். ஆகவே மெட்டு அங்கே வேறொன்றாக மாறுகிறது. அமானுஷ்யமான ஊளை, வீர முழக்கமாகிறது. அதோடு, சிம்பொனி குழுவில் வழக்கமாக இல்லாத ட்ரம் செட்டும் கீபோர்டும் மேடைக்கு வந்துவிடுகின்றன. திரைக் காட்சியோடு ஒட்டி வாசிக்கும் இப்படிப்பட்ட கச்சேரிகளில் நடத்துனர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதில் வரும் தட்டுக்கணக்கைப் பிடித்தே கையை அசைக்கிறார். அன்றைக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தான் அழுத்தி இயந்திரங்களை ஒத்துப்போக வைத்தார்கள். இன்றைக்கு ஒரு மண்டபமே ஓர் இயந்திரத் தட்டுக்கு ஒத்துப்போகிறது.

நடுவில் ஒரு பகுதி உண்டு. மெட்டு சட்டென்று மலர்ந்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது போலிருக்கும். டெலிவிஷனில் முகப்புக்கு அரை நிமிடமே நேரம் என்பதால் பெரும்பாலும் அதை வெட்டிவிடுவார்கள். கச்சேரி மேடையில்தான் அதற்கு உரிய இடம் கிடைத்தது. இதற்காகவே ஆர்கெஸ்ட்ரா வடிவத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதே 2008 ஜூலையில் இன்னொரு செய்தியும் வந்தது. டெலியா இறந்தபின் அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்திருந்தன. ஒர்க்‌ஷாப்பின் ஆவணக் காப்பாளரான மார்க் ஏர்ஸ் வழியாக அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய், கணினிக்கு மாற்றப்பட்டு வந்தன. அதில் அறுபதுகளின் கடைசியில் அவர் செய்து பார்த்த ஒரு தாளத்துணுக்கு, நேற்று வந்த நடனக்கூட இசை போலிருந்ததைக் கேட்டு இன்றைய இசைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆல்பர்ட் ஹாலில் கைதட்டல் முழங்கிய மாதத்தில்தான் அந்தப் பெண்மணி யார் என்று பத்திரிகைகள் விரிவாகக் கேட்கத் தொடங்கின.

பிராம்ஸில் டாக்டர் ஹூ கச்சேரி 2010இலும் 2013இலும் திரும்ப வந்தது. கூட்டம் கருதி இரண்டு முறையும் இரண்டிரண்டு காட்சிகள். 2012இல் மெல்பர்னுக்கும் சிட்னி ஆபரா ஹவுஸுக்கும் கப்பலேறியது. கிரெய்னர் பிறந்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். 1981இல் இறந்துவிட்ட அவர் அதைக் கேட்க இல்லை. 2013 கச்சேரியில், முதல் அத்தியாயத்தில் டாக்டரின் பேத்தியாக நடித்த கேரல் ஆன் ஃபோர்டு மேடைக்கு வந்து நின்றார். 2024 ஆகஸ்டிலும் நடந்திருக்கிறது. இனியும் நடக்கும்.

2013 நவம்பர் 23, தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயம். முடிவில் ஓடிய பெயர்ப்பட்டியலில் முகப்பு இசை என்ற இடத்தில் ரான் கிரெய்னரின் பெயருக்குப் பக்கத்தில் டெலியா டெர்பிஷைர் என்று முதல்முறையாகப் போட்டார்கள். இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. 2017இல் கவன்ட்ரி பல்கலைக்கழகம் ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. உயிரோடிருக்கும்போது ஒரு வரி பெயர் போட என்ன செலவாகியிருக்கும் என்று கேட்டால் பிபிசியிடம் பதில் இருக்காது. விதி இருந்தது, அவ்வளவுதான்.

தன் மெட்டைப் பிறர் மாற்றியதெல்லாம் டெலியாவுக்குப் பிடிக்கவில்லை. பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆல்பர்ட் ஹால் வடிவத்தை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. என் கணக்கில் அது நல்ல கச்சேரி. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதுவே முதல் ஆர்கெஸ்ட்ராவாக இருந்திருக்கும் என்பது ஒன்றே போதும். ஆனால் உடம்பு சிலிர்ப்பது எதற்கென்றால் 1963க்குத்தான். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. கச்சேரியைப் பெரிய ஒலிபெருக்கியில் வீட்டாரோடு உட்கார்ந்து கேளுங்கள். பழையதைத் தனியாக, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். எதை முதலில் கேட்பது என்று கேட்டால், பழையதைத்தான்.